கால் ரத்தக்குழாய்க்கு சி.டி. ஸ்கேன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொஞ்ச தூரம் நடந்ததும் கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது. நின்றால் சில நிமிடத்தில் விட்டுவிடுகிறது. மறுபடி நடந்தால் ஏறக்குறைய அதே தூரத்தில் அதே வலி. தைப்பூசத்துக்குப் பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோவிலின் 500க்கு மேற்பட்ட படிகளை வருடா வருடம் ஏறியவர், இப்போது பாதி ஏறுவதற்குள் பல முறை நிற்கிறார். காலுக்குப் போகும் ரத்தக்குழாயில் கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்து வழி குறுகினால் இப்படித்தான் ஆகும். நம் ஆட்களில் பலர் இதை வயசுக் கோளாறு என்று விட்டுவிடுகிறார்கள். இன்னும் சிலர் ஒரேயடியாகத் தாவி, "நேரா சி.டி. எடுத்துடலாம் டாக்டர்" என்று தனியார் மருத்துவமனையில் போய் நிற்கிறார்கள். பினாங்கில் சி.டி. அறையில் வேலை பார்க்கும் எனக்கு இரண்டுமே கவலையளிக்கின்றன.

2019இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களிடம் அது 31.4 விழுக்காடு. கால் ரத்தக்குழாயைக் கெடுப்பதில் இனிப்பு நீரும் சிகரெட்டும்தான் முன்னணியில் நிற்பவை. அதனால் இது நம் வீட்டுப் பிரச்சினை.

முதல் தவறு, வரிசையை மாற்றுவது. அடைப்பு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள முதலில் சி.டி. தேவையில்லை. பாதத்தில் நாடித்துடிப்பைத் தொட்டுப் பார்த்து, கணுக்காலிலும் மேல்கையிலும் ரத்த அழுத்தம் எடுத்து ஒப்பிட்டாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். கணுக்கால் அளவைக் கை அளவால் வகுத்து வரும் எண் 0.9 அல்லது அதற்குக் கீழ் என்றால் அடைப்பு இருப்பதாக எடுத்துக்கொள்வார்கள். ஊசி இல்லை, கதிர்வீச்சு இல்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பல வருட இனிப்பு நீர்க்காரர்களுக்கும் டயாலிசிஸ் செய்பவர்களுக்கும் ரத்தக்குழாய் சுண்ணாம்பேறி விறைத்திருக்கும். பட்டையை இறுக்கினாலும் குழாய் அமுங்காது, எண் 1.4க்கு மேல் போய்விடும். அதைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. அவர்களுக்குக் கால் பெருவிரலில் அழுத்தம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், அந்த அளவைக் கை அளவால் வகுத்து 0.7 அல்லது அதற்குக் கீழ் வந்தால் கோளாறு.

அப்படியானால் சி.டி. எதற்கு? அடைப்பு எந்த இடத்தில், எவ்வளவு நீளம், அதற்குக் கீழே குழாய் திறந்திருக்கிறதா என்று காட்டுவதற்கு. பலூன், ஸ்டென்ட் (குழாயைத் திறந்து வைக்கும் வலைக்குழல்), பைபாஸ் என்று ஏதாவது செய்யப்போகும் மருத்துவருக்கு அது வரைபடம். நடக்கும்போது லேசாக வலிக்கிறது, புண் எதுவும் இல்லை என்பவருக்கு முதல் சிகிச்சை சிகரெட்டை விடுவது, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின் அல்லது குளோபிடோக்ரெல், அப்புறம் நடைப்பயிற்சி. வாரத்துக்கு மூன்று முறையாவது, வலி வரும்வரை நடந்து, நின்று, மறுபடி நடந்து, குறைந்தது 12 வாரம். சி.டி. எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் இந்தச் சிகிச்சை மாறாது.

எல்லாக் கால் வலியும் ரத்தக்குழாய் வலி அல்ல என்பதையும் மறக்கக் கூடாது. முதுகுத்தண்டில் நரம்பு நெருக்கப்பட்டாலும் நடக்கும்போது கால் வலிக்கும். ஆனால் அந்த வலி சும்மா நின்றால் போகாது; உட்கார வேண்டும், அல்லது முன்னால் குனிய வேண்டும். சூப்பர்மார்க்கெட்டில் தள்ளுவண்டியைப் பிடித்துக் குனிந்து நடக்கும்போது சுகமாக இருக்கிறது என்பவர் முதலில் முதுகைக் காட்டுவது நல்லது.

வலியே இல்லை என்று நிம்மதியாக இருப்பது இதைவிட ஆபத்து. இனிப்பு நீரால் பாதத்தில் உணர்ச்சி மரத்தவருக்கு அடைப்பு முற்றினாலும் வலி தெரியாமல் போகலாம். தைப்பூசத்தன்று கொதிக்கும் தார்ச்சாலையில் வெறுங்காலோடு நடந்து கொப்புளம் போட்டது அவருக்குத் தெரியாது. வீட்டில் யாராவது சாக்ஸில் கறையைப் பார்த்துச் சொன்னால்தான் உண்டு. அந்தப் புண் இரண்டு வாரமாகியும் ஆறவில்லை, ஓரம் கறுக்கிறது என்றால் ரத்த ஓட்டத்தைப் பார்த்தே ஆக வேண்டும். இங்கே தாமதம்தான் தவறு. சி.டி. தேதி அடுத்த மாதம் கிடைத்திருக்கிறது என்று புண்ணை வைத்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். கிளினிக்குக்குத் திரும்பப் போய்ப் புண்ணைக் காட்டி, முன்கூட்டியே பார்க்கச் சொல்லுங்கள்.

சரி, சி.டி. எடுப்பது என்று முடிவாகிவிட்டது. கையில் ஊசி போட்டு அயோடின் கலந்த சாய மருந்தை ஏற்றித்தான் படம் எடுப்போம். அதைச் சிறுநீரகம்தான் வெளியேற்ற வேண்டும். அதனால் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை முடிவு இல்லாமல் வராதீர்கள். இனிப்பு நீருக்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுபவர்களில் சிலர் யாரோ சொன்னார்கள் என்று ஒரு வாரத்துக்கு முன்பே நிறுத்திவிட்டு, சர்க்கரை எகிறிப்போய் வருகிறார்கள். சிறுநீரகம் ஓரளவு நன்றாக இருப்பவர் பொதுவாக நிறுத்தவே வேண்டியதில்லை. சிறுநீரகம் மிகவும் பலவீனமாக இருந்தால்தான் அன்றைக்கு நிறுத்தி, 48 மணி நேரம் கழித்து ரத்தம் பார்த்துவிட்டுத் தொடங்கச் சொல்வார்கள். மருத்துவமனைக்கு மருத்துவமனை விதி கொஞ்சம் மாறும், கேட்டுவிட்டு அதன்படி செய்யுங்கள். வெறும் வயிற்றில் வரச் சொன்னால் இன்சுலினை எப்படிப் போடுவது என்றும் அப்போதே கேளுங்கள். கால் வலிக்காக மெஃபெனமிக் ஆசிட், டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகளை தினம் போடுபவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அவையும் சிறுநீரகத்தை வாட்டும்.

இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவருக்குச் சாய மருந்தும் ஆகாது என்பது தவறான நம்பிக்கை. முன்பு இதே மருந்து போட்டு அரிப்போ மூச்சுத்திணறலோ வந்ததா, ஆஸ்துமா இருக்கிறதா என்பதுதான் நாங்கள் கேட்கும் முக்கியமான கேள்விகள்.

மருந்து ஏறும்போது உடம்பெல்லாம் சூடு பரவும், சிறுநீர் வந்துவிட்ட மாதிரி இருக்கும். "ஐயா, பயப்படாதீங்க, கால மட்டும் அசைக்காதீங்க" என்று முன்பே சொல்லிவிடுவோம். ஆனாலும் திடுக்கிட்டுக் காலை இழுத்துவிடுகிறார்கள், முழங்காலுக்குக் கீழே படம் கலங்கிப்போகிறது. இன்னொரு சிக்கல் எங்கள் பக்கத்தது: அடைப்புள்ள காலில் ரத்தம் மெதுவாக ஊர்கிறது, இயந்திரமோ வேகமாக ஓடுகிறது. மருந்து பாதத்துக்கு வருவதற்குள் படம் முடிந்துவிட்டால், திறந்திருக்கும் குழாய் மூடியிருப்பதாகத் தெரியும். அதனால்தான் கெண்டைக்காலுக்கு இரண்டாவது சுற்று எடுப்போம். "இன்னும் முடியவில்லை" என்று நாங்கள் சொன்னால் எழுந்துவிடாதீர்கள்.

நான் அதிகம் சொல்ல விரும்புவது சுண்ணாம்பைப் பற்றி. சி.டி. படத்தில் சுண்ணாம்பு பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். உண்மையான அளவைவிடப் பெரிதாகவும் தெரியும். இரவில் எதிரே வரும் மோட்டாரின் முன்விளக்கு, இருக்கும் அளவைவிடப் பெரிதாகத் தெரிகிறதல்லவா, அப்படி. பாதிதான் அடைத்திருக்கும் குழாய் முழுக்க அடைத்த மாதிரி தோன்றும். முழங்காலுக்குக் கீழே குழாய்கள் மிக மெல்லியவை, அங்கேதான் இந்தக் குழப்பம் மோசம். எலும்பை நீக்கி அழகாகச் சிவப்பில் காட்டும் முப்பரிமாணப் படத்தை வைத்து முடிவெடுப்பதும் ஆபத்து: கணினி எலும்பை அழிக்கும்போது பக்கத்தில் இருக்கும் குழாயில் ஒரு துண்டையும் சேர்த்து அழித்துவிடலாம், அது அடைப்பு மாதிரியே இருக்கும். குறுக்குவெட்டுப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தால்தான் சரியாகத் தெரியும். முழங்கால் மாற்று அறுவை செய்தவருக்கு உலோகத்தால் படத்தில் விழும் கீற்றுகள் முழங்காலுக்குப் பின்னால் ஓடும் குழாயை மறைத்துவிடும். சுண்ணாம்பு மிக அதிகம் என்று முன்பே தெரிந்தால் ஒலி அலையால் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் போதுமா, அல்லது குழாய்க்குள் கம்பி விட்டு எடுக்கும் ஆஞ்சியோகிராமுக்கே போகலாமா என்று மருத்துவரிடம் கேட்பதில் தப்பே இல்லை.

இதனால்தான் தனியாரில் எடுத்துவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போகிறவர்கள் அறிக்கைத் தாளை மட்டும் கொண்டுபோகக் கூடாது. எல்லாப் படங்களும் அடங்கிய டிஸ்க்கைக் கேட்டு வாங்குங்கள். அது இல்லாவிட்டால் மறுபடி மருந்து, மறுபடி கதிர்வீச்சு.

அறிக்கையில் 70 விழுக்காடு அடைப்பு என்று இருந்தால் உடனே ஸ்டென்ட் என்று அர்த்தம் இல்லை. வலியோ புண்ணோ இல்லாத காலில் படத்துக்காக மட்டும் ஸ்டென்ட் வைப்பதில்லை. அதே சமயம், காலில் அடைப்பு இருப்பவருக்கு மாரடைப்பும் பக்கவாதமும் வரும் வாய்ப்பு கூடுதல். கால் வலி குறைந்ததும் ஸ்டாட்டினை நிறுத்துவது பெரிய தவறு.

கடைசியாக ஒன்று. கால் திடீரென்று ஜில்லிட்டு, வெளுத்து, தாங்க முடியாத வலியோ மரத்துப்போன உணர்வோ வந்தால், விரலை அசைக்க முடியவில்லை என்றால், அது கிளினிக்கில் அப்பாயின்ட்மென்ட் போடும் விஷயம் அல்ல. சில மணி நேரத்தில் தசை செத்துவிடும். காலைத் தேய்க்காமல், சூடு வைக்காமல், 999க்கு அழையுங்கள், அல்லது ரத்தக்குழாய் அறுவை மருத்துவர் இருக்கும் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு நேராகப் போங்கள். அங்கே சி.டி. எடுப்பதா, நேராக அறுவை அறைக்குப் போவதா என்பதை அவர்கள் முடிவு செய்வார்கள்.