ஆச்சியின் சுளகும் எட்டு விநாடி வீடியோவும்

எங்கள் ஆச்சி ஆலங்குளம் பக்கம் பீடி சுற்றினவள். போய்ச் சேர்ந்து 6 வருஷம் ஆகிறது. மிச்சம் இருப்பது ஒரு கல்யாண போட்டோவும், என் போனில் பதிந்த 11 நிமிஷப் பேச்சும்தான். இதை வைத்து ஏஐ உதவியோடு ஒரு சின்ன வீடியோ செய்தேன். நீங்களும் செய்வதாக இருந்தால், முதலில் குரலைக் கையில் எடுங்கள். பேச்சைத் தாளில் எழுதி, மூச்சு வாங்கும் இடங்களில் கோடு போடுங்கள். இரண்டு கோட்டுக்கு நடுவில் இருப்பது ஒரு காட்சி. பெரும்பாலான கருவிகள் ஒரு தடவைக்கு 5 முதல் 10 விநாடிதான் தரும் என்பதால் கணக்கு சரியாக வரும்.

'கிராமத்துப் பாட்டி பீடி சுற்றுகிறாள்' என்று கேட்டேன். முக்காடு போட்ட ஒரு பாட்டி, சுருட்டுப் பருமனில் பீடியோடு வந்து உட்கார்ந்தாள்! ஆச்சி மடியில் வைத்துச் சுற்றும் சுளகு, அதாவது முறம், என்றால் அதற்கு என்ன தெரியும்? பெயரை விட்டுவிட்டு உருவத்தைச் சொல்லுங்கள்: மடியில் ஓலையில் முடைந்த தட்டு, மூன்று பக்கம் விளிம்பு, முன்பக்கம் திறப்பு, உள்ளே நீள்சதுரமாக வெட்டிய இலை, ஓரத்தில் தூள், ஒரு நூல்கண்டு.

அதைவிட நல்ல வழி போட்டோ. பக்கத்து வீட்டு அக்காவின் சுளகை ஜன்னல் வெளிச்சத்தில் படம் எடுத்து, அதையே முதல் ஃபிரேமாக, அதாவது வீடியோ தொடங்கும் படமாக, ஏஐயிடம் கொடுத்தேன். ஒரே ஒரு அசைவுதான் கேட்டேன்: நூல் நுனி காற்றில் ஆட வேண்டும். இரண்டு அசைவு கேட்டால் சொதப்பும்.

சுற்றும் விரல்களை ஏஐயிடம் விடாதீர்கள். இலை விரலோடு ஒட்டிக்கொள்ளும், நூல் பாதியில் காணாமல் போகும். அந்த அக்காவின் கையையே போனில் எடுத்துச் சேர்த்தேன். இலை வெட்டும் கத்தரிச் சத்தமும் அவர் வீட்டில் பதிந்ததுதான். மழை, விடியற்காலைத் தெரு, இப்போது இல்லாத ஓட்டு வீடு, இதற்கெல்லாம் ஏஐ போதும்.

கல்யாண போட்டோவை ஒரு தடவை சிரிக்க வைத்துப் பார்த்தேன். ஆச்சி பல் தெரியச் சிரிக்கவே மாட்டாள். அம்மா பார்த்துவிட்டு, "இது யாருல?" என்றாள். அழித்துவிட்டேன். படம் அசையாமலே இருக்கிறது, மேலே குரல் மட்டும் ஓடுகிறது.

யூடியூபில் ஏற்றினால், நிஜம்போல இருக்கும் ஏஐ காட்சி உண்டு என்று குறிப்பிட வேண்டும். 2024 முதல் அது விதி. சொந்தக்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் டாக்குமெண்டாக அனுப்புங்கள். வீடியோவாக அனுப்பினால் தரம் குறைந்து, நூல் கண்ணுக்கே தெரியாது.