வேலைக்கு நடுவே கல்வியியல் முதுகலை ஆய்வேட்டை முடிப்பது எப்படி?

பணியில் இருந்துகொண்டே கல்வியியல் முதுகலையில் சேர்ந்தவர்கள் பலர், எழுத்துத் தேர்வுகளைத் தாண்டிவிட்டு ஆய்வேட்டில் வந்து நின்றுவிடுகிறார்கள். நேரம் போதவில்லை என்பதே வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். ஆனால், கைக்கு அடங்காத தலைப்பை எடுத்துக்கொண்டதுதான் பெரும்பாலும் உண்மையான காரணம் என்பது என் கருத்து.

முதலில், உங்கள் பதிவு எந்த நாள் வரை செல்லும், எந்தத் தாள்கள் நிலுவையில் உள்ளன என்பதைப் பல்கலைக்கழகத்திடமிருந்து எழுத்து வடிவில் பெற்றுக்கொள்ளுங்கள்.

அடுத்து, தலைப்பைச் சுருக்குங்கள். "மாணவர்களின் வாசிப்புத் திறனை மேம்படுத்துதல்" என்பது வாழ்நாள் முழுவதற்குமான வேலை. "நான் கற்பிக்கும் ஆறாம் வகுப்பில், மாணவர்கள் இருவர் இருவராக நாள்தோறும் 10 நிமிடம் உரக்க வாசித்தால், 8 வாரங்களில் அவர்களின் வாசிப்புப் பிழைகள் எந்த அளவுக்குக் குறைகின்றன?" என்று கேட்டால், யாரை, எவ்வளவு காலம், எதை அளப்பது என்பதெல்லாம் அந்தக் கேள்விக்குள்ளேயே அமைந்துவிடும். திட்டமிட்டு, செய்துபார்த்து, விளைவைக் கவனித்து, மீண்டும் திட்டத்தைத் திருத்தும் இம்முறைக்குச் செயல் ஆய்வு என்று பெயர். உளவியலாளர் கர்ட் லெவின் 1946-இல் எழுதிய கட்டுரை இதற்கு முன்னோடியாகக் கருதப்படுகிறது. தம் வகுப்பறையையே களமாகக் கொள்ளக்கூடிய ஆசிரியருக்கு இதைவிடப் பொருத்தமான முறை இல்லை.

மூன்றாவதாக, தரவு திரட்டத் தொடங்குமுன், ஆய்வில் பங்கேற்போரின் நலன் காக்கப்படுகிறதா என்று பார்க்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதியையும் பெற்றோரின் ஒப்புதல் கடிதத்தையும் பெறுங்கள். மதிப்பெண் போடும் ஆசிரியரே ஆய்வாளராகவும் இருப்பதால், பங்கேற்க மறுக்கும் மாணவருக்கு எந்தப் பாதிப்பும் நேராது என்பதை அக்கடிதத்தில் தெளிவாகக் குறிப்பிட வேண்டும்.

மாணவர்களின் மனப்பான்மையையும் அறிய விரும்பினால், உளவியலாளர் ரென்சிஸ் லிக்கர்ட் 1932-இல் முன்வைத்த அளவுகோலைப் பயன்படுத்தலாம். ஒரு கூற்றைக் கொடுத்து, "முழுமையாக ஏற்கிறேன்" முதல் "முற்றிலும் மறுக்கிறேன்" வரையுள்ள கட்டங்களில் ஒன்றில் குறியிடச் சொல்வது அது. அதில் தொடக்கநிலையாளர் வழக்கமாகச் சறுக்கும் இடம் ஒன்றுண்டு. "இணைந்து வாசிப்பது எளிதாகவும் சுவையாகவும் இருந்தது" என்ற கூற்றைப் பாருங்கள்: எளிது, ஆனால் சலிப்பு என்று நினைக்கும் மாணவர் எந்தக் கட்டத்தில் குறியிடுவார்? அதை இரண்டு கூற்றுகளாகப் பிரித்து, ஆய்வில் இடம்பெறாத சிலரிடம் முன்னோட்டமாகக் கொடுத்துப் பாருங்கள்.

எழுதும்போது, முன்னுரையிலிருந்து தொடங்காமல் ஆய்வு முறை இயலிலிருந்து தொடங்குங்கள். செய்ததைச் செய்தபடியே எழுதுவதால் அது விரைவாக நகரும். முன்னுரை கடைசியில் வரட்டும். படித்த நூலின் விவரத்தைப் படித்த அன்றே குறித்துவையுங்கள், இல்லையெனில் துணைநூற்பட்டியலுக்கே ஒரு வாரம் போய்விடும். நெறியாளருக்கு ஓர் இயலை அனுப்பும்போது, "பார்த்துச் சொல்லுங்கள்" என்று பொதுவாக எழுதாமல் இரண்டு குறிப்பிட்ட கேள்விகளைக் கேட்டால், பதிலும் குறிப்பாக வரும்.

வாய்மொழித் தேர்வில் சொல்லப்படும் திருத்தங்களைப் பக்க எண்ணுடன் அட்டவணையாக்கி, ஒவ்வொன்றுக்கும் எதிரே நீங்கள் செய்த மாற்றத்தை எழுதி, இறுதிப் படியுடன் இணைத்து ஒப்படையுங்கள். பெற்றுக்கொண்டதற்கான சீட்டைக் கேட்டு வாங்க மறவாதீர்கள்.