ஒரு கட்டத்துக்கு ஒரு வினைமுற்று: எட்டுப் பக்க காமிக்ஸ் எழுதுவது எப்படி

"முத்தையா ஏணியில் ஏறி, குழாயைக் கழற்றி, உள்ளே எட்டிப் பார்த்து, முகம் சுளித்தான்."

என் முதல் காமிக்ஸ் ஸ்கிரிப்ட்டில் முதல் கட்டத்துக்கு, அதாவது பக்கத்தின் முதல் படத்துக்கு, நான் எழுதிக் கொடுத்தது இவ்வளவுதான். படம் போட ஒப்புக்கொண்டவர் ஒரு தூத்துக்குடித் தம்பி. படித்துவிட்டு போன் செய்தார்.

"அண்ணே, இதுல நான் எதை வரையணும்? ஏறுறதையா, கழத்துறதையா, எட்டிப் பாக்குறதையா, மூஞ்சிய சுளிக்கிறதையா?"

"எல்லாத்தையும்தான் தம்பி."

"ஒரு கட்டத்துல ஒரு ஆளுக்கு ரெண்டு கைதாண்ணே இருக்கும்."

தமிழில் கதை சொல்கிறவனுக்கு வினையெச்சம் பெரிய வசதி. எழுந்து, குளித்து, சாப்பிட்டு, பஸ் பிடித்து, கடைக்கு வந்து, ஷட்டரைத் தூக்கினேன் என்று ஒரு காலைப்பொழுதையே மூச்சு விடாமல் அடக்கிவிடலாம். பாட்டிமார் கதை அப்படித்தான் ஓடும். காமிக்ஸில் அது செல்லாது. ஒரு கட்டத்தில் ஓவியரால் பிடிக்க முடிவது ஒரு கணம். அதனால் எனக்கு நானே ஒரு விதி போட்டுக்கொண்டேன்: ஒரு கட்டத்துக்கு ஒரு வினைமுற்று. எச்சங்களெல்லாம் இரண்டு கட்டங்களுக்கு நடுவிலுள்ள வெள்ளை இடைவெளிக்குள் போய்விட வேண்டும். காமிக்ஸ்காரர் ஸ்காட் மெக்ளௌட், காமிக்ஸ் பற்றி 1993இல் வந்த தன் புத்தகத்தில் அந்த இடைவெளிக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார். வாசகரின் கற்பனை வேலை செய்வது அங்கேதான் என்கிறார். எனக்கு அதைப் படித்ததும் எங்கள் தமிழ் ஐயா நினைவுக்கு வந்தார். எச்சம் என்றால் மிச்சம், முடிக்க வேண்டிய வேலை பாக்கி இருக்கிறது என்று பிரம்பைத் தட்டிச் சொல்வார். அந்தப் பாக்கிதான் வாசகருக்கு.

செய்து பார்க்கச் சுலபம். காட்சியை முதலில் உங்கள் இஷ்டப்படி உரைநடையாக எழுதுங்கள். பென்சிலால் எல்லா வினைகளையும் வட்டமிடுங்கள். எது வரைந்தால் மற்றவை தானாகப் புரியும் என்று பாருங்கள். முத்தையா விஷயத்தில் நாங்கள் எடுத்துக்கொண்டது 'எட்டிப் பார்த்தான்' மட்டும். ஏணி உச்சியில் ஒரு மனிதன், தலை முழுக்கக் குழாய் ஸ்பீக்கருக்குள், நமக்குத் தெரிவது முதுகும் கைலியும். ஏறினான் என்று தனியாகக் காட்ட வேண்டாம், ஏணி நிற்கிறதே. சுளித்த முகம் அடுத்த கட்டத்துக்குப் போனது. இப்போது அது ஒரு கேள்விக்குப் பதிலாகவும் ஆகிவிட்டது: உள்ளே என்ன இருந்தது? (குளவிக்கூடு.)

கதையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது. முத்தையா மைக் செட்காரன். எங்கள் கோவில்பட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அம்மன் கொடை, அதாவது கோயில் திருவிழா. நடுச்சாமப் பூசையான சாமக்கொடைக்குக் கொஞ்சம் முன்னால் செட் செத்துப்போகிறது. வில்லுப்பாட்டு நின்றுவிடும் என்று பார்த்தால், புலவர் மைக் இல்லாமலே பாடுகிறார். பொட்டல் முழுக்கச் சிதறிக் கிடந்த சனம் ஒவ்வொருவராக நகர்ந்து வந்து பக்கத்தில் உட்காருகிறது. முத்தையா இருபது வருசமாகக் கொடைக்குச் செட் போடுகிறவன். வில்லில் கட்டின மணிச் சத்தத்தை நேரடியாகக் கேட்பது அன்றைக்குத்தான். ஃப்யூஸ் மாற்றியாகிவிட்டது. விரல் ஸ்விட்ச்சில் இருக்கிறது. போடுவானா?

எட்டுப் பக்கத்துக்கு இந்த ஒரு சம்பவம் போதும். போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளத்தான் ஒரு மாதம் ஆனது. நம்மூரில் கதை யோசிக்க உட்கார்ந்தாலே முதலில் வருவது ஹீரோ அறிமுகம். காலைக் காட்டு, கையைக் காட்டு, கடைசியில் முகத்தைக் காட்டு. சினிமா நம்மைக் கெடுத்த கெடுப்பு. என் முதல் படியில் முத்தையாவின் அப்பா, கல்யாணம், கடன், எதிர் செட்டுக்காரனோடு பகை எல்லாம் இருந்தன. எட்டுப் பக்கத்தில் ஏறக்குறைய நாற்பது கட்டம்தான் கிடைக்கும். கடனுக்கு இரண்டு கட்டம் கொடுத்தால் மணிச் சத்தத்துக்கு இரண்டு கட்டம் குறையும். கணக்கு அவ்வளவுதான்.

ஆனால் சினிமாவிடம் ஒன்றைத் திருடலாம்: இடைவேளை. இரண்டு ஏ4 தாளை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து நடுவில் மடியுங்கள். எட்டுப் பக்கப் புத்தகம் தயார். நம்பர் போடுங்கள். 1க்குப் பிறகு ஒரு புரட்டல், 3க்குப் பிறகு, 5க்குப் பிறகு, 7க்குப் பிறகு. நான்கு இடைவேளை! புரட்டும் முன் கடைசிக் கட்டத்தில் கொக்கியைப் போடுங்கள், புரட்டினதும் அதிர்ச்சியை வையுங்கள். வலது பக்கத்தில் அதிர்ச்சியை வைத்தால் பாழ். இடது பக்கத்தைப் படிக்கும்போதே ஓரக்கண் அங்கே போய்விடும். எங்கள் கதையில் 3ஆம் பக்கக் கடைசிக் கட்டம் முத்தையாவின் மூக்கு. எதையோ முகர்கிறான். புரட்டினால் 4ஆம் பக்கம் முழுக்க ஒரே கட்டம்: இருண்ட பொட்டல், எல்லோர் தலையும் குழாயைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது. ஓர் எழுத்துக்கூட இல்லை. பத்திரிகைக்குக் கொடுப்பதானால் கதை எந்தப் பக்கத்தில் ஆரம்பிக்கும், வலதா இடதா என்று ஆசிரியரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். போனில் கீழே தள்ளிப் படிக்கிற கொரிய பாணிக்கு எழுதினால் புரட்டலே கிடையாது. அங்கே இடைவெளியை நீட்டித்தான் காக்க வைக்க முடியும்.

அமைதியைப் படத்தில் காட்டுவது எப்படி என்பதில்தான் நான் அதிகம் முட்டிக்கொண்டேன். காமிக்ஸ் என்பதே சத்தம் போடாத காகிதம். அதில் 'சத்தம் நின்றது' என்றால் யாருக்குத் தெரியும்? வழி காட்டியது சிறுவயதில் சலூன் பெஞ்சில் படித்த இரும்புக்கை மாயாவி. முத்து காமிக்ஸ் 1972இல் தொடங்கியதே அவரை வைத்துத்தான். அதற்குப் பத்து வருடம் முன்பு இங்கிலாந்தில் 'வேலியன்ட்' இதழில் பிறந்தவர், ஆரம்பத்தில் வரைந்தவர் ஸ்பெயின்காரரான ஹெசூஸ் பிளாஸ்கோ. மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவார், இரும்புக் கை மட்டும் தெரியும். முடிவெட்டிக்கொள்ளக் காத்திருந்த வயதில் அது சும்மா மாயாஜாலம். ஸ்கிரிப்ட் எழுத உட்கார்ந்த பிறகுதான் அது எப்பேர்ப்பட்ட தொழில் சாமர்த்தியம் என்று புரிந்தது. கையும் மறைந்திருந்தால் ஓவியர் வெற்று அறையைத்தான் வரைந்திருக்க வேண்டும். இல்லாததைக் காட்ட இருக்கிற ஒன்று வேண்டும்.

அதை அப்படியே சத்தத்துக்கு மாற்றினேன். 2, 3ஆம் பக்கங்களில் மூச்சு முட்ட எழுத்து: வேட்டு, உடுக்கை, நாய், "வெள்ளைக் கலர் டிவிஎஸ் வண்டிய எடுங்க", "காணாமப்போன பிள்ளை மேடைக்கு வரவும்", நடுநடுவே மைக்கின் 'கொய்ங்ங்ங்'. படங்களின் மேலேயே எழுத்து ஏறி நிற்கும். ஒருவர் முகத்தைக்கூட முழுசாகப் பார்க்க முடியாது. புரட்டினால் ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததுக்காகத்தான் முந்தைய இரண்டு பக்கக் கூச்சல்.

சத்தத்துக்கு இங்கிலீஷ் காமிக்ஸிலிருந்து கடன் வாங்க வேண்டாம். நம்மிடம் கொட்டிக் கிடக்கிறது. ணங், சத், பொத், மடார், கிறீச், சடசட, கலீர். புலவர் கையிலுள்ள வீசுகோல் வில்லில் படும்போது 'கலீர்', குடத்தில் தட்டும்போது 'தும்'. இரண்டும் தனித்தனி அளவு, தனித்தனி வடிவம் என்று ஸ்கிரிப்ட்டில் எழுதுங்கள். ஓவியர் தானாகச் செய்வார் என்று விட்டால் எல்லாமே தீபாவளி வெடிபோல வந்து நிற்கும்.

ஐந்தாம் பக்கத்துக்கு நான் எழுதிக் கொடுத்தது இப்படி:

பக்கம் 5, கட்டம் 2. மேலிருந்து பார்க்கிறோம். புலவர் நடுவில், சிறிதாக. பொட்டலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் நகர்கிறார்கள். ஒரு கிழவி பாயைச் சுருட்டாமல் இழுத்துக்கொண்டே வருகிறாள். புலவரின் வசன பலூன் சின்னது, கோடு மெல்லியது. பலூனின் வால் கூட்டத்தின் முதல் வரிசையோடு முடிகிறது.

கட்டம் 3. அதே கோணம். வட்டம் சுருங்கியிருக்கிறது. வசனம் இல்லை.

கவனியுங்கள், 2க்கும் 3க்கும் நடுவே எத்தனை நிமிடம் என்று எழுதவில்லை. 'நேரம் செல்லச் செல்ல' என்று மேலே ஒரு பெட்டி போடும் ஆசை வரும். போடாதீர்கள்.

இனி வசனம். ஒரு பக்கத்துக்கு ஆறு கட்டமானால் ஒரு கட்டத்துக்கு அதிகபட்சம் 35 சொல் என்று டிசி காமிக்ஸின் பழைய ஆசிரியர் மார்ட் வைசிங்கர் வைத்திருந்த கணக்கை காமிக்ஸ் எழுத்தாளர் ஆலன் மூர் பேட்டியில் சொல்லியிருக்கிறார். அந்தக் கணக்கைத் தமிழுக்கு அப்படியே எடுத்தால் மூழ்கிவிடுவோம். 'போய்க்கொண்டிருக்கிறார்கள்' ஒரே சொல்தான், பலூனோ நிரம்பிவிட்டது. சொல்லை எண்ணாதீர்கள், வரியை எண்ணுங்கள். என் அளவு பலூனுக்கு நாலு வரி, வரிக்கு இரண்டு மூன்று சொல். எங்கள் பக்கப் பேச்சில் எழுதினால் அதுவே 'போயிட்டிருக்காவ' என்று சுருங்கிவிடும். வட்டார வழக்கு அழகுக்கு மட்டுமல்ல, இட மிச்சத்துக்கும்தான்.

தமிழில் இன்னொரு வரம், வினை கடைசியில் வருவது. உண்டா இல்லையா என்பது கடைசிச் சொல்வரை தெரியாது. அதைக் கட்டம் பிரிக்கப் பயன்படுத்துங்கள். செட் நின்றதும் ஊர்ப் பெரியவர் கத்துகிறார்: "முத்தையா, இனிமே இந்தக் கோயில்ல ஒனக்கு..." அடுத்த கட்டத்தில் முத்தையாவின் வியர்த்த முகம், பேச்சில்லை. அதற்கடுத்ததில் "...சோலி கிடையாது." நடுக் கட்டம் முழுக்க வாசகரும் அவனோடு சேர்ந்து வியர்ப்பார். யார் முதலில் பேசுகிறாரோ அவரை இடது பக்கம் நிறுத்தச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பலூன் வால்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும்.

வசனமும் படமும் ஒரே விஷயத்தைச் சொல்லக் கூடாது. இதைப் புத்தகத்தில் படிப்பதைவிட மீம் போடுகிற பிள்ளைகளிடம் கற்றுக்கொள்ளலாம். 2019 மே மாதம் யாரோ ஒரு சுத்தியல் படத்தைப் போட்டு உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர் என்று கேட்க, நம்மாள் ஒருவர் பதிலில் வடிவேலு நடித்த காண்ட்ராக்டர் நேசமணி தலையில் இது விழுந்த கதையைச் சொல்லப்போய், உலகமே அவருக்காகப் பிரார்த்தனை பண்ணியது. சுத்தியல் படத்துக்குக் கீழே 'இது சுத்தியல்' என்று எழுதியிருந்தால் யார் சிரித்திருப்பார்கள்? அழுகிற முகத்துக்கு "நான் அழுகிறேன்" என்று பலூன் வைக்கிற ஸ்கிரிப்ட் எனக்கு இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது. நானும் எழுதியிருக்கிறேன்.

எழுத்துப் பதிப்பில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. பிழைப்பே டிடிபி, கல்யாணப் பத்திரிகையும் கோயில் நோட்டீஸும். தமிழில் 'கீ'யின் சுழி மேலே போகும், 'ணூ'வின் வால் கீழே இறங்கும். வரி நெருக்கமாக இருந்தால் மேல்வரி வாலும் கீழ்வரிச் சுழியும் மோதிக்கொள்ளும். வரி இடைவெளியைத் தாராளமாக விடுங்கள், சொல்லை நடுவில் உடைக்காதீர்கள். ஏ4இல் அடித்துப் பார்த்துத் திருப்திப்பட வேண்டாம். ஏ5 புத்தகமாகும்போது எழுத்து எழுபது சதவீதமாகச் சுருங்கிவிடும். அச்சு அளவிலேயே ஒரு பிரதி எடுத்து டியூப்லைட்டுக்குக் கீழே படித்துப் பாருங்கள்.

பணம், பெயர் இரண்டையும் பென்சில் எடுக்கும் முன்னால் பேசிவிடுங்கள். ஓவியருக்குப் பக்கத்துக்கு இவ்வளவு என்று எழுத்தில். ஒரு இதழில் என் கதை வந்தது, பெயர் வரவில்லை. கேட்டபோது இடமில்லை என்றார்கள். அதே பக்கத்தில் ஊறுகாய் விளம்பரத்துக்கு இடம் இருந்தது.

கடைசியாக, காமிக்ஸே படிக்காத ஒருவரிடம் கொடுத்துப் பாருங்கள். விளக்கம் சொல்லாமல், பக்கத்தில் நிற்காமல். நான் அம்மாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அரிசி புடைக்கிற வேலையைத் தள்ளி வைத்துவிட்டுப் புரட்டினாள். 2ஆம் பக்கத்தில் "என்னல இது, ஒரே இரைச்சலா இருக்கு" என்றாள். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். 4இல் வெகுநேரம் நின்றாள். 8ஆம் பக்கத்துக்கு நானும் தம்பியும் சண்டை போட்டிருந்தோம். ஸ்விட்ச்சும் விரலும், மேலே பெட்டியில் முத்தையாவின் மனசைச் சொல்லும் இரண்டு வரி என்பது என் ஸ்கிரிப்ட். தம்பி வரைந்தது ஸ்விட்ச்சுக்கு மேலே நிற்கிற கையும், அதற்குப் பின்னால் மங்கலாக, வில்லைச் சுற்றி நெருங்கி உட்கார்ந்த கூட்டமும். பெட்டிக்கு இடமே விடவில்லை. அம்மாவுக்குக் காட்டிய பிரதியில் நான் பிடிவாதமாக அந்த இரண்டு வரியை வெள்ளைத் தாளில் அடித்து ஓரத்தில் ஒட்டி வைத்திருந்தேன்.

அவள் அந்தத் தாளைப் பார்க்கவேயில்லை.

"போட மாட்டான்" என்றாள். "பாவம், அவனும் கொஞ்சம் கேக்கட்டும்."

ஒட்டின தாளைக் கிழித்துவிட்டுத் தம்பிக்கு போன் செய்தேன்.