முறுக்கிய திரவப் படிகத் திரை: கணினியில் முதல் மாதிரி

திரவப் படிகத் திரையின் ஒரு புள்ளியைக் கணினியில் கட்டிப் பார்க்கப் பெரிய மென்பொருள் எதுவும் வேண்டாம். பைத்தான் மொழியும், அதில் அணிக் கணக்குப் போட உதவும் நம்பை நூலகமும் போதும். 1971-இல் ஷாட், ஹெல்ஃபிரிக் என்ற இயற்பியலாளர்கள் முன்வைத்த முறுக்கிய நெமாட்டிக் அமைப்பிலிருந்து தொடங்குவோம். (நெமாட்டிக் என்றால், நீண்ட மூலக்கூறுகள் பக்கத்தில் இருப்பவற்றோடு ஒரே திசை நோக்கி நிற்கும் திரவப் படிகம்.) அதில் இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே மூலக்கூறுகள் சுழல் படிக்கட்டு போல 90 டிகிரி திரும்பி நிற்கும்.

படி 1: எண்கள். இரட்டை ஒளிவிலகல் (மூலக்கூறின் நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் அதிரும் ஒளிகளுக்கான ஒளிவிலகல் எண்களின் வேறுபாடு) 0.1, தடிமன் 4.76 மைக்ரோமீட்டர், அலைநீளம் 550 நானோமீட்டர். தடிமன், அலைநீளம் இரண்டையும் மீட்டர் கணக்கில் எழுதிவிடுங்கள்; இரட்டை ஒளிவிலகலுக்கு அலகு கிடையாது. பாதிப் பிழை இங்கேதான் முளைக்கும்.

படி 2: படிகத்தை 100 அடுக்குகளாக வெட்டுங்கள். ஒவ்வொன்றும் முந்தையதைவிட 0.9 டிகிரி கூடுதலாகத் திரும்பியிருக்கும். ஓர் அடுக்குக்குள் திசை மாறவில்லை என்று வைத்துக்கொண்டு, அதற்கு ஒரு ஜோன்ஸ் அணி எழுதுங்கள். ஒளி அதிரும் திசையை அடுக்கு எப்படி மாற்றுகிறது என்பதைச் சொல்லும் அணி இது. அது வெறும் 2×2 அணிதான். ஓர் அடுக்கில் அந்த இரு திசை அதிர்வுகளுக்கும் இடையே வரும் கட்ட வேறுபாடு: 2 × பை × இரட்டை ஒளிவிலகல் × அடுக்கின் தடிமன் ÷ அலைநீளம். இங்கே சுமார் 0.054 ரேடியன்.

படி 3: எல்லாவற்றையும் பெருக்குங்கள். ஒளி முதலில் நுழையும் அடுக்கு வலது கோடியில் இருக்க வேண்டும்.

படி 4: சரிபார்ப்பு. இதற்குத்தான் நேரம் செலவிட வேண்டும். செல்லின் இரு பக்கமும் போலரைசர்கள், அதாவது ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் வடிகட்டிகள், இருக்கும். இரண்டையும் முதல் கண்ணாடியில் மூலக்கூறுகள் நிற்கும் திசையிலேயே வையுங்கள். கூச், டாரி இருவரும் 1975-இல் தந்த சூத்திரப்படி 550 நானோமீட்டரில் ஒளி வரவே கூடாது. அந்தத் தடிமனை நான் எடுத்ததே அதற்காகத்தான். இரட்டை ஒளிவிலகலை மாற்றாமல் 450-க்குப் போனால் சுமார் 4.7 சதவீதமும், 650-இல் 3.9 சதவீதமும் கசியும். கறுப்பு முழுக் கறுப்பாக இல்லாமல் லேசாக ஊதா அடிப்பது இதனால்தான்.

எண்கள் பொருந்திவிட்டதா? அப்படியும் நம்பிவிடாதீர்கள். அடுக்குகளைத் தலைகீழ் வரிசையில் பெருக்கியிருந்தாலும் இதே விடைதான் வரும்! போலரைசர்கள் இணையாகவோ செங்குத்தாகவோ இருக்கும்வரை இந்தப் பிழை வெளியே தெரியாது. இரண்டாவது போலரைசரை முறுக்கும் பக்கமாக 45 டிகிரி திருப்பி, 450 நானோமீட்டரில் பாருங்கள். சரியான வரிசை என்றால் 69 சதவீதம், தலைகீழ் என்றால் 31.

படி 5: மின்னழுத்தம். முதலில் முறுக்கு இல்லாத செல்லில் பழகுங்கள். மீள்மாறிலி (மூலக்கூறுகளின் வரிசை வளைவதை எதிர்க்கும் அளவு) 10 பிக்கோநியூட்டன், மூலக்கூறின் நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் மின்கடத்தாப் பண்பின் வேறுபாடு 10 என்றால், மூலக்கூறுகள் சுமார் 1.06 வோல்ட்டில் நிமிரத் தொடங்கும். தடிமன் எதுவானாலும் இதே எண்தான். ஆனால் எல்லாச் சாய்வையும் பூஜ்யமாக வைத்து ஓட்டினால் ஐந்து வோல்ட்டிலும் எதுவும் அசையாது. எந்தப் பக்கம் சாய்வது என்று அவற்றுக்குத் தெரியாதே! தொடக்கத்தில் ஒரு டிகிரி சாய்வு கொடுத்துவிட்டு ஓட்டுங்கள்.