வாடகைக்கு இருந்தவர் வீட்டுக்காரர் ஆகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல வருடம் வாடகைக்கு இருந்துவிட்டு வீட்டுக்காரர் ஆனவர், குடியிருப்பவர் கஷ்டம் தெரிந்தவராக இருப்பார் என்று நினைக்கிறோம். ஆனால் அந்த அனுபவம் இரண்டு விதமாகக் காலை வாரும். "நாங்க இதைவிட மோசமான வீட்டுல இருந்தோம், வாயே திறக்கலையே" என்பது ஒன்று. அந்தக் காலத்து வீட்டுக்காரரைப் போல நாமும் கறாராக இருக்கக் கூடாது என்று எதையும் எழுதி வைக்காமல் விடுவது மற்றொன்று. எனக்கு இரண்டாவதைக் கண்டால்தான் பயம், நல்ல மனசு என்ற பெயரில் வருவதால் யாரும் தட்டிக்கேட்பதில்லை.

அதன் பலன் காலி செய்யும் நாளில் தெரியும். அலமாரிக் கதவில் உள்ள கீறல் முன்பே இருந்ததா? அவரவருக்குச் சாதகமாகத்தான் ஞாபகம் வரும். குடிவருபவரிடம் சாவி கொடுக்கும் அன்றே இருவரும் சேர்ந்து அறை அறையாகப் படம் எடுங்கள். குளியலறை ஓடு, சுவிட்ச் போர்டு, சிங்க்கின் அடிப்பக்கம், மீட்டர் ரீடிங் எல்லாம் வரட்டும். அவருக்கும் அப்போதே அனுப்பிவிடுங்கள். உங்கள் போனில் மட்டும் இருக்கும் படத்தை அவர் ஏன் நம்ப வேண்டும்?

அட்வான்ஸில் பிடிப்பதுதான் பெரிய தகராறு. மனிதர் புழங்கினால் வீடு தேயும், அதற்குத்தான் வாடகை. வெயிலில் மங்கிய பெயின்ட்டும் கால்பட்டு மழுங்கிய தரையும் தேய்மானம். உடைந்த வாஷ்பேசின் சேதம். சேதத்துக்கும் புதுசின் முழு விலையைக் கேட்பது நியாயமில்லை. உள்சுவர் பெயின்ட் 5 வருடம் தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். அடித்து 4 வருடம் ஆன சுவரில் குழந்தை கிறுக்கியிருக்கிறது. எப்படியும் அடுத்த வருடம் நீங்கள் அடிக்க வேண்டிய சுவர்தானே? கேட்பதென்றால் செலவில் ஐந்தில் ஒரு பங்கு கேட்கலாம். எதற்கு எவ்வளவு பிடித்தீர்கள் என்பதைப் பில்லோடு எழுதிக் கொடுங்கள்.

ரிப்பேர் என்று போன் வந்ததும் பழியைத் திருப்பிவிடுவது இன்னொரு பழக்கம். ஓதம், அதாவது சுவரில் ஈரம் ஊறுவது, இதற்கு நல்ல உதாரணம். சுவரில் கறுப்புப் பூஞ்சை என்றால் "ஜன்னலைத் திறந்து வையுங்க" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அதற்கு முன் ஒரு சின்னச் சோதனை செய்து பார்க்கலாம். ஒரு பிளாஸ்டிக் தாளை அந்தச் சுவரில் வைத்து, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளுக்கும் சுவருக்கும் நடுவே ஈரம் கோத்திருந்தால் தண்ணீர் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிச்சுவர் வெடிப்பு, உள்ளே ஓடும் குழாய், மேல்தளம் என்று தேட வேண்டியது உங்கள் வேலை. தாளின் வெளிப்பக்கம் வேர்த்திருந்தால் அறைக்காற்றில் ஈரம் அதிகம். சரி, அப்படியே இருந்தாலும் அந்த அறையில் காற்றுப் போக வழி இருக்கிறதா என்று பாருங்கள். எக்ஸாஸ்ட் ஃபேனே வைக்காமல் வீட்டைக் கட்டிவிட்டுக் குடியிருப்பவரைக் குறை சொல்ல முடியாது.

மாற்றுச் சாவி கையில் இருக்கிறது என்பதற்காகச் சொல்லாமல் உள்ளே போகாதீர்கள். தண்ணீர் பீறிடுவது, தீ போன்ற அவசரம் வேறு. வாடகையையும் அப்படிச் சொல்லாமல் ஏற்றாதீர்கள், எப்போது, எவ்வளவு என்று ஒப்பந்தத்திலேயே இருந்தால் முகத்தைப் பார்த்துக் கேட்கும் சங்கடம் இருவருக்கும் இல்லை.

அப்புறம் கரண்ட் பில். பல இடங்களில் பயன்பாடு ஏற ஏற யூனிட் விலையும் ஏறும். ஒரே மீட்டரில் இரண்டு குடும்பம் ஓடினால் மொத்தக் கணக்கு மேல் படிக்குப் போய்விடும். அந்த மேல் படி விலையைக் குடியிருப்பவரின் எல்லா யூனிட்டுக்கும் போட்டு வாங்குகிறவர்கள் உண்டு. தனி இணைப்பு வாங்கிக் கொடுத்தால் பேச்சே இல்லை. முடியாதபோது அவர் பகுதி யூனிட்டை மட்டும் தனியாகக் காட்டும் சப்-மீட்டர் வைத்து, பில்லைக் காட்டி, மொத்தத் தொகையை அவரவர் யூனிட் விகிதத்தில் பிரித்துக்கொள்ளுங்கள்.