டிமென்ஷியாவுக்கு (மறதி நோய்க்கு) நன்கொடை: கொடுப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

பராமரிப்புக்கா, ஆராய்ச்சிக்கா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பராமரிப்புக்கு, 1992-இல் தொடங்கிய அல்சைமர் நோய்ச் சங்கமான ஏஆர்டிஎஸ்ஐ, சென்னையில் மனநலத் தொண்டு நிறுவனமான ஸ்கார்ஃப் இருக்கின்றன. ஆராய்ச்சிக்கு, பெங்களூரு ஐஐஎஸ்சி (இந்திய அறிவியல் கழகம்) வளாகத்திலுள்ள மூளை ஆராய்ச்சி மையம். கர்நாடகாவின் சீனிவாசபுரா பக்கத்துக் கிராமங்களில் 45 வயது தாண்டியவர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து ஆய்வு செய்வது இவர்கள்தான். இந்த மாதிரி வேலை பாதியில் நின்றால் சேர்த்த தரவுக்கு மதிப்பு குறைந்துவிடும். அதனால் ஒரே தடவை பெருந்தொகையைவிட மாதாமாதம் வரும் சிறுதொகை மேல்.

பணத்தை வங்கி வழியாகவே அனுப்புங்கள். வருமான வரிச் சட்டப்படி (1961 சட்டத்தில் 80ஜி பிரிவு), 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் நன்கொடைக்கான வரிக் கழிவு கிடையாது. பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு மட்டுமே அந்தக் கழிவு. ரசீதில் உங்கள் பான் எண்ணை அன்றே சரிபாருங்கள். ஒரு எழுத்து மாறினால் வரிக் கழிவுக்கான நன்கொடைச் சான்றிதழும் தப்பாகவே வரும்.

பொருளாகக் கொடுத்தால் வரிச்சலுகை இல்லை. ஆனாலும் பராமரிப்பு இல்லங்களுக்குப் பெரியவர்களுக்கான டயப்பர் எப்போதும் தேவைப்படும். வாங்குமுன் போன் போட்டு அளவையும் வகையையும் கேளுங்கள்: படுக்கையில் இருப்பவருக்கு ஒட்டும் வகை, நடமாடுபவருக்கு ஜட்டி வகை. மாற்றி வாங்கினால் அலமாரியில்தான் கிடக்கும். பழம், இனிப்பு வேண்டாம். விழுங்கவே சிரமப்படுபவர்கள் பலர்.