தை பிறந்தபின் கொடுவா: மட்டக்களப்பு வாவியில் கைத்தூண்டில்

மார்கழி வெள்ளம் வடிந்து, வாவித் தண்ணீர் தேயிலைச் சாய நிறம் மாறிப் பச்சைக்குத் திரும்பும் நாட்கள்தான் கொடுவா மீன் பிடிக்கக் கடைசிப் பருவம். முகத்துவாரம் இன்னும் திறந்திருக்கும்; வெள்ளத்தோடு கீழே இறங்கிய பெரிய மீன் கடல்வாயை அண்டியே நிற்கும். மணல் திரண்டு வாய் அடைபட்டால் ஓட்டம் நின்று, மீனும் வாவி முழுக்கச் சிதறிவிடும். அதற்குள் பிடிக்க வேண்டும்.

கொடுவா துரத்திப் பிடிக்கும் மீனல்ல; பதுங்கி நின்று பாயும். ஆகவே தூர வீசுவதால் பயனில்லை. பாலமீன்மடுப் பக்கத்துக் கற்கள், கல்லடிப் பாலத் தூண்கள், கண்டல் வேர்கள், கலங்கலும் தெளிவும் சந்திக்கும் கோடு, இவைதான் இடம். இரவில் பாலத்து விளக்கு தண்ணீரில் விழும் இடத்தில் நிழலின் ஓரத்தைப் பாருங்கள். மீன் இருட்டுக்குள் நின்று வெளிச்சத்தைப் பார்த்திருக்கும். இரை வெளிச்சத்திலிருந்து நிழலுக்குள் போகும்படி விட வேண்டும். வாவி நீர் கடலுக்கு இறங்கத் தொடங்கும் வேளை பொழுதுபடுவதோடு சேர்ந்தால் அதைவிட நல்ல நேரமில்லை.

இரை உயிரோடு இருக்க வேண்டும், இதில் விட்டுக்கொடுப்பு கிடையாது. வீச்சுவலையில் பிடித்த மணலை மீன் ஒரு சாண் நீளம் இருந்தால் போதும். ஓட்டத்தில் வைக்கும்போது மேலுதட்டில் கோர்க்கவும், ஓட்டமில்லாத இடத்தில் முதுகுத் துடுப்புக்குக் கீழே. இறாலென்றால் கொம்பின் அடியில், ஓட்டுக்குள் தெரியும் கரும்புள்ளிக்கு முன்னால் குத்த வேண்டும். புள்ளியில் குத்தினால் இறால் உடனே செத்துவிடும்.

தங்கூசி, அதாவது தூண்டில் நரம்பு, 0.50 மி.மீ தடிப்பு, 80 மீற்றர் நீளம். நுனியில் சுவிவல் (நரம்பு முறுக்கேறாமல் சுழலும் இணைப்பு), அதற்குப் பின் 0.80 மி.மீ தங்கூசி ஒரு முழம். மணலைக்கு 5/0, இறாலுக்கு 3/0 அளவுத் தூண்டில் முள். 20 கிராம் ஓட்டை ஈயம் சுவிவலுக்கு மேலே தாராளமாக ஓட வேண்டும். இறுக்கிக் கட்டினால் மீன் பாரத்தை உணர்ந்து துப்பிவிடும். கொடுவாவின் பல் அறுக்காது, செவுள் மூடியின் விளிம்புதான் கத்தி. தடித்த தங்கூசி அதற்காகவே. முடிச்சுக்கு ஐந்து சுற்றுப் போட்டு, எச்சிலால் நனைத்து மெதுவாக இறுக்குங்கள். உலர்ந்தபடி இழுத்தால் சூடேறி அங்கேயே அறும்.

அதிகமானோர் மீனை இழப்பது அவசரத்தால். முதலில் ஒரு ‘டொக்’ கேட்கும், அப்போது இழுக்காதீர்கள். இரையை வாய்க்குள் திருப்பிக்கொண்டு மீன் நகரத் தொடங்கும். தங்கூசி விரலுக்கூடாக நிதானமாக ஓடுவது தெரிந்ததும் ஒரே வெட்டாகச் சுண்டி இழுங்கள். மீன் துள்ளித் தலையை உதறும்போது கையைத் தண்ணீரோடு தாழ்த்துங்கள். துள்ளும் கணத்தில் இறுக்கிப் பிடித்தால் தூண்டில் கழன்றுவிடும். தூணைச் சுற்ற ஓடினால் மட்டும் விட்டுக்கொடுக்காமல் அமர்த்த வேண்டும். தங்கூசியைக் கையில் சுற்றிக்கொள்வது ஆபத்து, விரலை அறுத்துவிடும். ஆற்றுவாழை (ஆகாயத்தாமரை) மிதந்து வரும் நாளில் அது தங்கூசியில் அடைந்து இழுக்கும். மேலோட்டத்துப் பக்கம் போடாதீர்கள்.

ஏற்றுவதற்கு அத்தாங்கு எனும் கைவலை, அதுவும் தலைப்பக்கமாக. செவுளுக்குள் கைவிட வேண்டாம். ஈரத் துணியால் கீழ்த்தாடையைப் பிடியுங்கள். கரையோர நீரில் இறங்கி நின்று இழுப்பதும் வேண்டாம், முதலை உள்ள வாவி இது.

கொடுவா ஆணாக வளர்ந்து பின்பு பெண்ணாக மாறும் மீன். எட்டுக் கிலோவுக்கு மேலானது பெரும்பாலும் முட்டையிடும் பெண்தான். அதைத் தண்ணீரில் வைத்தே கழற்றி, தலையை ஓட்டத்துக்கு நேராகப் பிடித்து, அது தானாகக் கையை உதறும்வரை கரையிலிருந்தே காத்திருந்து விடுவியுங்கள். இரண்டு கிலோவுக்குக் குறைந்ததும் அப்படியே.

ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் நுனித் தங்கூசியை விரல்களுக்கிடையே உருவிப் பாருங்கள். சொரசொரப்புத் தட்டினால் அந்தச் சாண் நீளத்தை வெட்டிவிட்டுப் புதிதாகக் கட்டவும்.